எல்ம்: ஊராட்சி போனது, ஊர் இருக்கிறது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சுவிட்சர்லாந்தில் கிளாருஸ் என்று ஒரு சின்ன மலை மாநிலம். அதன் தெற்கு மூலையில், செர்ன்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் இருக்கிறது எல்ம். 2010 டிசம்பர் 31 இரவு வரை அது தனி ஊராட்சி. விடிந்தபோது பெரிய ஊராட்சி ஒன்றின் பகுதியாகிவிட்டது. இந்த ஊரைப் பற்றி நான் பேச்செடுத்தாலே நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

எல்ம் எவ்வளவு பெரிய ஊர்?

ஆட்கள் ஏறத்தாழ 700 பேர். ஆனால் ஊராட்சியாக இருந்தபோது அதன் எல்லைக்குள் ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் நிலம் இருந்தது. அதில் பெரும்பகுதி பாறை, பனி, கோடையில் மாடு மேய்க்கும் உயர்ந்த புல்வெளி. தேவாலயம் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். சுற்றி நிற்கும் சிகரங்களில் சில 3,000 மீட்டரைத் தாண்டும். மூன்று பக்கமும் மலை, நாலாவது பக்கம் சாலை. அந்தச் சாலையில் கடைசி ஊர் இதுதான்.

‘முன்னாள் ஊராட்சி’ என்றால் ஊரைக் காலி செய்துவிட்டார்களா?

இல்லை. வீடுகள், தேவாலயம், மாடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அஞ்சல் எண்கூட அதே 8767 எல்ம் தான். போனது ஊரின் ஆட்சி. சொந்தமாக வரி விகிதம் வைப்பது, சொந்தமாகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, ஊர்க் கூட்டம் போட்டு வரவுசெலவை நிறைவேற்றுவது, இவை போயின.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெமைண்டே (ஊராட்சிக்கு ஜெர்மன் சொல்) என்று சொன்னால் போதும். வீடு மாறினால் பதிவு, வரிக் கடிதம், பள்ளிக்கூடம், குடியுரிமை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்கும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊரைப் போட மாட்டார்கள். குடும்பம் எந்த ஊராட்சியைச் சேர்ந்ததோ அந்தப் பூர்வீக ஊரின் பெயரைத்தான் போடுவார்கள். ஒருவர் சூரிச்சில் பிறந்து ஜெனீவாவில் வளர்ந்திருக்கலாம். எல்மைக் கண்ணால் பார்க்காமலும் இருக்கலாம். கொள்ளுத்தாத்தா எல்ம்காரர் என்றால் அந்த ஊர் அவரோடு கூடவே வரும். எல்மர் என்ற குடும்பப்பெயரே அப்படி ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். அதனால் அங்கே ஊராட்சி ஒன்று மறைவதை வெறும் நிர்வாகச் செய்தியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

யார் இணைத்தது? மேலிடத்து உத்தரவா?

மக்களே கை தூக்கி இணைத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளாருஸில் ஆண்டுதோறும் மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை லான்ட்ஸ்கெமைண்டே என்ற திறந்தவெளி மக்கள் சபை கூடும். நாட்டிலுள்ள 26 மாநிலங்களில் இந்த வழக்கம் இன்று மிச்சமிருப்பது இரண்டில் மட்டும்: ஒன்று கிளாருஸ், மற்றது அப்பென்செல் இன்னர்ரோடன். கிளாருஸ் நகரத்துத் திடலில் வட்டமாக மரப்படிகள் போட்டிருப்பார்கள். வாக்காளர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நடு மேடையில் மாநிலத் தலைவர் ஒரு வாளை ஊன்றியபடி நிற்பார். மேடையைச் சுற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகள். பெரியவர்கள் முடிவெடுப்பதைப் பார்த்துப் பழகட்டும் என்று அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். எந்த வாக்காளரும் மேடையேறிப் பேசலாம், அரசு கொண்டுவந்த தீர்மானத்தை மாற்றச் சொல்லலாம்.

2006 மே 7 அன்று அரசு ஒரு தீர்மானத்தோடு வந்தது. 25 ஊராட்சிகளை 10 ஆகக் குறைக்கலாம் என்றது. அப்போது ஒரு சாதாரணக் குடிமகன் மேடையேறி, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது! அரசே எதிர்பார்க்காத முடிவு. எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி, சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்ட வைத்தார்கள். 2007 நவம்பர் 25 அன்று மறுபடியும் கூடினார்கள். மறுபடியும் மூன்றுதான் என்று முடிவாயிற்று, முன்னைவிடத் தெளிவாக.

2011 ஜனவரி 1 முதல் வடக்கு கிளாருஸ், கிளாருஸ், தெற்கு கிளாருஸ் என்று மூன்றே ஊராட்சிகள். எல்மும் பக்கத்து ஊர்களான மட், எங்கி ஆகியவையும் சேர்ந்து மொத்தம் 13 ஊராட்சிகள் தெற்கு கிளாருஸுக்குள் போயின. அதன் பரப்பு 430 சதுர கிலோமீட்டர். 2015இல் ஷ்குவோல் என்ற இன்னொரு ஊராட்சி விரிவடையும் வரை நாட்டிலேயே பரப்பளவில் பெரிய ஊராட்சி அதுதான். ஆனால் மக்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு.

அப்படி என்ன அவசரம்?

பணமும் ஆள் பற்றாக்குறையும். முந்நூறு, நானூறு பேர் உள்ள ஊரில் தலைவர், உறுப்பினர், பள்ளிக்குழு, நலவாரியம் என்று எல்லா நாற்காலிக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலும் சொந்த வேலைக்கு நடுவே, மாலை நேரத்தில் செய்கிற பொறுப்புகள் இவை. போட்டியிடவே ஆள் கிடைக்காமல் போனது. ஊராட்சிகள் 25 என்றாலும் பள்ளிக்குத் தனி, ஏழை நலனுக்குத் தனி, பூர்வீகக் குடிகளுக்குத் தனி என்று வகைவகையாக மொத்தம் 70 அமைப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தன. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே நாற்பதாயிரம் சொச்சம். நாடு முழுக்க இதே கதைதான்: 1990இல் 3,000க்கும் மேல் இருந்த சுவிஸ் ஊராட்சிகள் இன்று 2,100 அளவில் நிற்கின்றன.

எல்ம்காரர்கள் ஒப்புக்கொண்டார்களா?

இதற்குக் கணக்கே கிடையாது. லான்ட்ஸ்கெமைண்டேயில் வாக்குகளை எண்ணுவதில்லை. தூக்கிய அட்டைகளைப் பார்த்து எந்தப் பக்கம் அதிகம் என்று மாநிலத் தலைவர் மதிப்பிட்டுச் சொல்வார், அவ்வளவுதான். ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. எல்லா ஊராரும் ஒரே திடலில் தோளோடு தோள் நின்றுதான் கை தூக்கினார்கள். ஒரு விதத்தில் அது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஊர் எந்த ஊரைத் தோற்கடித்தது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

1881இல் என்ன நடந்தது?

மலை விழுந்தது.

ஊருக்கு எதிரே பிளாட்டன்பெர்க் என்ற சரிவு. அதில் நல்ல சிலேட்டுக் கல் உண்டு. நாம் சின்ன வயதில் அ, ஆ எழுதிய அதே சிலேட்டு. ஐரோப்பா முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பெருகிய காலம் அது. சிலேட்டுப் பலகைக்கு நல்ல கிராக்கி. 1868 முதல் எல்மில் கல் வெட்டினார்கள். மாடும் புல்லும் மட்டுமே தெரிந்த ஊரில் கையில் காசு புழங்கியது.

வெட்டிய விதத்தில்தான் வினை. நல்ல கல் ஒரே அடுக்கில் இருந்தது. அந்த அடுக்கையே குடைந்துகொண்டு உள்ளே போனார்கள். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு, 60 மீட்டருக்கும் மேல் ஆழமாக, மலையின் காலடியில் ஒரு வாய் திறந்தது. போதிய தாங்கல் இல்லை. மேலே மலை நின்றுகொண்டிருந்தது. மரத்தை வெட்டும்போது அடியில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டுப் போடுவார்களே, அதைத் தெரியாமலேயே மலைக்குப் போட்டுவிட்டார்கள்.

1881 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு மேல் முதல் பகுதி சரிந்தது. 17 நிமிடம் கழித்து இரண்டாவது பகுதி. அதற்கு 4 நிமிடம் கழித்து முழு மலைத்தோளும். மூன்றாவது சரிவு நேராகக் கீழே விழவில்லை. குவாரி மேடையில் மோதி எகிறி, காற்றில் கிடைமட்டமாகப் பாய்ந்தது. பறந்து வந்த பாறைக்கூட்டத்துக்கு அடியில் எதிர்ப்பக்க வெளிச்சம் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் இரண்டு சரிவுகளுக்குப் பயந்து எதிர்ச்சரிவான டூனிபெர்க்கில் ஏறியவர்கள் இருந்தார்கள். மேடான இடம், தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாறைவெள்ளம் அந்தச் சரிவிலும் ஏறி அவர்களை அள்ளியது. அங்கிருந்து திரும்பி, ஏறத்தாழச் சமதரையான பள்ளத்தாக்கில் தண்ணீரைப் போல ஓடி, சட்டென்று நின்றது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

ஒரு கோடி கன மீட்டர் கல். இறந்தவர்கள் 115 பேர். ஊண்டர்டால் என்ற கீழ்த்தெரு மொத்தமாகப் புதைந்தது. பெரும்பாலானோரின் உடல் கிடைக்கவே இல்லை. பாறைவெள்ளத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்ததாம். இந்தப் பக்கம் வீடு முழுதாக நிற்கும். அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது.

முன்கூட்டியே யாருக்கும் தெரியவில்லையா?

தெரிந்திருந்தது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்தக் கோடையில் குவாரிக்கு மேலே சரிவில் பெரிய விரிசல் விட்டிருந்தது. கற்கள் உருண்டுகொண்டே இருந்தன. வேலையை நிறுத்தினார்கள். விழுவதற்கு முந்தின நாள் அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். உடனடி ஆபத்து இல்லை என்று இறங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பலர் வீட்டில் இருந்தார்கள். மலை உதிர்வதை வேடிக்கை பார்க்கவும் கூடினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மலை முழுதாக விழும், விழுந்து ஓடும் என்று அதற்கு முன் யார் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்? சூரிச் பேராசிரியர் அல்பர்ட் ஹைம் உடனே வந்து, இடத்தை அளந்து, பிழைத்தவர்களை விசாரித்து, பாதிரியார் எர்ன்ஸ்ட் பூஸுடன் சேர்ந்து அதே ஆண்டில் அறிக்கை எழுதினார். பாறைச்சரிவு திரவம்போல ஓடக்கூடும் என்பதற்கு உலகம் முழுவதும் நிலவியலாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது எல்மைத்தான். அந்த அறிவு மற்றவர்களுக்குக் கிடைக்க இந்த ஊர் கொடுத்த விலை 115 உயிர்.

பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்கள்?

ஊர் அது. வேறெங்கே போவார்கள்? நாலா பக்கமிருந்தும் நன்கொடை வந்தது. கற்குவியலைப் பகுதி பகுதியாகச் சீர்செய்து மீண்டும் புல் வளர்த்தார்கள். சிலேட்டுத் தொழிலையும் விடவில்லை. கல்லை இழைத்து, சட்டம் போட்டு, கோடு கீறிப் பள்ளிப் பலகை செய்த பழைய தொழிற்கூடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பக்கத்து எங்கியில் மலைக்குள் இருக்கும் பழைய சுரங்கத்தையும் சுற்றிப் பார்க்கலாம். அங்கே கிடைத்த மீன் புதைபடிவங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன.

மலையில் ஓட்டை இருக்கிறதாமே?

ஆம், மார்ட்டின்ஸ்லோக். மார்ட்டினின் ஓட்டை என்று பொருள். சிங்கெல்ஹார்னர் என்ற ரம்பப் பல் போன்ற மலைவரிசையில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில், இருபது மீட்டர் அளவுள்ள ஒரு சாளரம். ஆண்டில் இரண்டு முறை, மார்ச் 12, 13 வாக்கிலும் செப்டம்பர் 30, அக்டோபர் 1 வாக்கிலும், காலையில் சூரியன் அந்த ஓட்டைக்கு நேர் பின்னால் வரும். ஊரில் அப்போது மலைநிழல்தான், சூரியன் இன்னும் மேலே வந்திருக்காது. ஒரே ஒரு ஒளிக்கற்றை நாலரை கிலோமீட்டர் பாய்ந்து வந்து தேவாலயத்தின் மேல் விழும். இரண்டு நிமிடம் போல நிற்கும், பிறகு மறைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உண்மையான விடியல்.

நான் போன அக்டோபரில் மேகம் மூடிவிட்டது. கேமராவோடு வந்தவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் நகரவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மேகத்துக்குப் பின்னால் ஓட்டை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டைக்கு ஒரு கதையும் உண்டு. மார்ட்டின் என்ற ஆட்டிடையன் அங்கே ஆடு மேய்த்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஃப்ளிம்ஸிலிருந்து ஒரு ராட்சசன் ஆடு திருட வந்தான். மார்ட்டின் இரும்புப் பூண் போட்ட தடியை வீசினான். தடி ராட்சசன்மேல் படாமல் பாறையில் பட்டது. இடி இடித்தது, புழுதி அடங்கியது, பார்த்தால் மலையில் வெளிச்சம்.

அந்த மலையில் குறுக்கே கோடு போட்ட மாதிரி தெரிவது என்ன?

ஓட்டைக்கு மேலே, அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு வயது 25 முதல் 30 கோடி ஆண்டு. கீழே இருப்பதற்கு 3 முதல் 5 கோடி ஆண்டுதான். கிழவன் குழந்தையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறான்! ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் மோதி ஆல்ப்ஸ் எழுந்தபோது, பழைய பாறை புதிய பாறைமேல் ஏறி 35 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே நகர்ந்தது. மலை எப்படி உண்டாகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இடங்கள் உலகில் குறைவு. 2008இல் சர்டோனா நிலத்தட்டு அரங்கம் என்ற பெயரில் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. எல்ம்காரர்கள் வெட்டிய சிலேட்டு, கோட்டுக்குக் கீழே இருக்கும் அந்த இளம்பாறையில் ஒரு வகை.

ரஷ்ய ராணுவம் இங்கே எப்படி வந்தது?

1799இல் ஜெனரல் சுவோரவ் பிரெஞ்சுப் படைகளுக்குத் தப்பி, கணவாய் கணவாயாக ஏறி இறங்கி, அக்டோபர் தொடக்கத்தில் எல்ம் வந்து சேர்ந்தார். ஓரிரவு தங்கல். மறுநாள் 2,407 மீட்டர் உயரமுள்ள பானிக்ஸர் கணவாயைப் புதுப்பனியில் கடந்தார்கள். பீரங்கிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். வீரர்களும் கழுதைகளும் வழுக்கி விழுந்து மாண்டார்கள். அவர் தங்கியதாகச் சொல்லும் வீடு சுவோரவ் வீடு என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

ஊரின் பழைய வீடுகள் ஏன் பேசப்படுகின்றன?

வெயிலில் கருத்த மரச்சுவர், வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெள்ளைத் தேவாலயம். சுற்றுலாவும் பனிச்சறுக்கும் வந்த பிறகும் ஊரின் நடுப்பகுதியைக் கான்கிரீட்டுக்குக் கொடுக்கவில்லை. அதற்காக 1981இல் வாக்கர் பரிசு கிடைத்தது. சுவிஸ் மரபுப் பாதுகாப்புச் சங்கம் ஆண்டுக்கு ஒரு ஊராட்சிக்குக் கொடுக்கும் பரிசு அது. மலை விழுந்து சரியாக நூறாவது ஆண்டு. பரிசு வாங்கியது எல்ம் ஊராட்சி என்பதை மறந்துவிடக் கூடாது. ஊர் தன்னைத் தானே ஆண்ட காலத்தில், தன் கூட்டத்தில் தானே எடுத்த முடிவுகளுக்குக் கிடைத்த மரியாதை அது.

எல்மர் சிட்ரோ இந்த ஊருடையதா?

இதே ஊர்தான். ஊர் ஊற்றுநீரில் 1927இல் தொடங்கிய எலுமிச்சைச் சோடா. சுவிட்சர்லாந்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வ்ரேனி ஷ்னைடர்?

அவரும் எல்ம் மகள்தான். 1964இல் பிறந்தார். பனிச்சறுக்கில் 1988 கால்கரியில் இரண்டு, 1994 லில்லஹாமரில் ஒன்று என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். உலகக் கோப்பைப் பந்தயங்களில் 55 வெற்றி, அதில் 14 ஒரே பருவத்தில் (1988–89). எழுநூறு பேர் உள்ள ஊர் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

இணைப்பால் நன்மையா, தீமையா?

இரண்டும் உண்டு என்று சொல்லி நழுவ விரும்பவில்லை. என் அபிப்பிராயம்: வேறு வழியிருக்கவில்லை, ஆனால் இழப்பு உண்மையானது.

2023 ஆகஸ்ட் கடைசியில் ஷ்வாண்டனில் பெரிய மண்சரிவு வந்தது. வீடுகள் அழிந்தன, பலர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதுவும் இன்று தெற்கு கிளாருஸ்தான். அப்படி ஒன்றைச் சமாளிக்கப் பொறியாளர், பணம், அலுவலகம் எல்லாம் வேண்டும். 1881இல் விரிசலைப் பார்க்க மலையேறியவர்களிடம் இவை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய ஊராட்சிக்கு இது பலமான வாதம்.

இழப்பு எதில் என்றால், தூரத்தில். முன்பு ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊர்த் தலைவரை வழியில் நிறுத்திக் கேட்கலாம். இப்போது பள்ளத்தாக்கு இறங்கிப் போய், பல ஊர்க்காரர்கள் கூடும் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும். பேசலாம், உரிமை இருக்கிறது. ஆனால் 700 பேர் தங்களுக்குள் பேசுவதும், பத்தாயிரம் பேர் உள்ள ஊராட்சியில் 700 பேராகப் பேசுவதும் ஒன்றல்ல.

எப்படிப் போவது? ஒரு நாள் போதுமா?

சூரிச்சிலிருந்து லின்தால் போகும் ரயிலில் ஏறி ஷ்வாண்டனில் இறங்குங்கள். அங்கிருந்து எல்முக்குப் பேருந்து. 1905 முதல் 1969 வரை இதே பள்ளத்தாக்கில் ஒரு குட்டி மின்ரயில் ஓடியது. சாலைக்காக அதை எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள்தான் என்றால் கம்பிவண்டியில் ஆம்பேக்லி ஏறிவிட்டு, மீதி நேரத்தை ஊருக்குள் செலவழியுங்கள். குழந்தைகள் இருந்தால் மேலே ராட்சசன் கதையை வைத்து அமைத்த காட்டுப்பாதை இருக்கிறது. ஊரின் மேற்கே எழும் கேர்ப்ஃப் மலைப்பகுதியில் 1548 முதல் வேட்டைக்குத் தடை. ஐரோப்பாவின் மிகப் பழைய வனவிலங்குக் காப்பிடம் அது.

அப்புறம், ஊருக்குக் கீழே ஊண்டர்டால் பக்கம் கட்டாயம் நடந்து பாருங்கள். பச்சைப் புல்வெளிக்கு நடுவே காரணமில்லாமல் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். மாடுகள் அவற்றின்மேல் ஏறி நின்று மேயும். அந்த மேடுகள்தான் 1881. குளிர்காலம் என்றால் மாலையில் சீக்கிரம் இருட்டிவிடும், கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.